பதினொரு அன்னாசிப் பூச்செடிகள்

கடைகளில் புரோமிலியாட் என்று விற்கும் செடியை தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அன்னாசிப் பூச்செடி என்போம். இலை அப்படித்தான் இருக்கும். நடுவில் குவளைபோல் தண்ணீர் நிற்கும். வாரம் ஒருமுறை அதைக் கவிழ்த்துப் புதுத் தண்ணீர் ஊற்றாவிட்டால் கொசு வந்துவிடும். தாய்ச்செடி ஒரு தடவைதான் பூக்கும். பிறகு பக்கத்தில் குட்டி விட்டுச் சாகும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் வேலை செய்தபோது, முன்பிருந்த துரையின் மனைவி குப்பைக் குழியில் வீசிய குட்டிகளைப் பால்மா டின்களில் வைத்து வளர்த்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் வாசலில் காலை வெயில் நேராக விழும். ரத்தச் சிவப்பாக வந்தன.

பிறகு புதுத் துரை வந்தார். அவர் மனைவியை நோனா என்போம். நோனா இரண்டு வாரம் கொழும்புக்குப் போனபோது எனக்குப் புத்தி கெட்டது. பங்களாவிலிருந்த பதினொரு அன்னாசிப் பூச்செடிகளும் வெளிறிக் கிடக்கின்றனவே, வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று, தேயிலைக்குப் போடும் உரத்தை ஒவ்வொரு குவளையிலும் ஒரு சிட்டிகை போட்டேன். பிறந்ததிலிருந்து தேயிலையைப் பார்த்தவளுக்கு வேறென்ன தெரியும்? உரம் போட்டால் துளிர்க்கும், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் குருத்தைத் தொட்டேன். அழுகிக் கையோடு வந்தது. பதினொன்றும் போயின.

பயத்தில் என் வீட்டுச் செடிகளில் பதினொன்றைக் கொண்டுபோய் அந்தச் சட்டிகளில் நட்டேன். திரும்பி வந்த நோனா, "நல்லா கவனிச்சிருக்கே" என்றார். வெட்கமில்லாமல் சிரித்தேன்.

மூன்று மாதம் கழித்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதக் கொப்பி கொடுக்க நோனா லயத்துக்கு வந்தார். என் வாசலில் நின்றுவிட்டார்.

"இது பங்களா செடிதானே? குட்டி எடுத்தியா?"

லயமே பார்த்துக்கொண்டிருந்தது. உங்களிடம் இருப்பதுதான் என்னுடையது என்று சொல்லலாம். சொன்னால், அப்படியானால் என் செடி எங்கே என்பார். நான் கொன்றது தெரிந்தால் பங்களா வேலை போய்விடும். மறுபடி கொழுந்துக் கூடையோடு மலையேற என் முழங்காலுக்குத் தெம்பில்லை.

"மன்னிச்சிருங்க நோனா" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் கள்ளியாகிவிட்டேன். மிச்சமிருந்த செடிகளையும் நானே சுமந்துபோய்ப் பங்களாவில் இறக்கினேன். குப்பையில் கிடந்தவரை அவர்களுக்கு வேண்டாததாக இருந்தது. நான் வளர்த்ததும் அவர்களுடையதாகிவிட்டது!

அன்று மகள் பதுளையில் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள். பையைக்கூட இறக்காமல், "எடுத்தியாம்மா?" என்றாள்.

"இல்லடி. சத்தியமா இல்ல."

"அப்ப எதுக்கும்மா மன்னிப்புக் கேட்டே?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லா கத கட்டுறே" என்றாள்.

இப்போது அவளை வெலிமடையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். போன மாதம் பேரனுக்குக் கடையில் ஒரு பந்து வாங்கிக்கொண்டு போனேன். அவன் கையிலிருந்து அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"இது யாரு வீட்டுதும்மா?"