அம்மை படத்தில் என்ன குற்றம்

மக்களே, நீங்கள் போனில் ஒரு முகத்தை முப்பது தடவை எடுத்து இருபத்தொன்பதை அழிக்கிறீர்கள். நான் ஏழாம் வகுப்பில் தொடங்கி இரண்டு வருஷம் ஒரே முகத்தை எடுத்தேன். எடுத்தது ஆறே படம். அந்தக் கதையைக் கேளுங்கள்.

அப்பா அப்போது மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். லீவில் வந்த ஒருவரிடம் ஒரு பழைய காமிராவைக் கொடுத்தனுப்பினார். அதில் ஃபிளாஷ் எரியாது. கூடவே ஒரு கடிதம். இருக்கிற வெளிச்சத்தில் உன் அம்மையை ஒரு படம் எடுத்து அனுப்பு, குற்றம் இல்லாமல் இருந்தால் காமிரா உனக்கு என்று. அதுவரை அது அம்மையின் அலமாரியில், பூட்டுக்குள். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

கிறிஸ்துமஸ், கல்யாணம் என்று அம்மையிடம் காமிராவை வாங்கிப்போய் மாமா ஃபிலிம் ரோலைத் தீர்த்துவிடுவார். ஒரு ரோலில் ஒரே ஒரு படம்தான் என் பங்கு.

முதல் படத்துக்கு அம்மையை உச்சிவெயிலில் முற்றத்தில் நிறுத்தினேன். வெளிச்சம் கூடினால் படமும் நன்றாக வரும் என்று நினைப்பு. மார்த்தாண்டத்து ஸ்டூடியோவில் கழுவி அனுப்பினோம். ஒரு மாதம் கழித்து அப்பாவின் பதில் வந்தது: "அம்மைக்க கண்ணு ரெண்டும் எங்கல? குழிதான் தெரியுது."

அடுத்த தடவை வீட்டுக்குள்ளே நின்றுகொண்டு, வாசலில் நின்ற அம்மையை எடுத்தேன். முகம் கரிச்சட்டியாகிவிட்டது. ஆள் யாரென்று பின்னால் எழுதி அனுப்பச் சொன்னார். மூன்றாவது, ஜன்னலோரம். ஒரு பக்கம் பால் போல வந்தது, மறுபக்கம் இருட்டு. இன்னொரு காதை யாருக்குக் கொடுத்தாள் என்று கேட்டிருந்தார்.

கடிதம் வரும்போதெல்லாம் அம்மை அதை இரண்டு தடவை வாசித்துச் சிரிப்பாள். "குத்தம் சொன்னா திருத்தணும்லா மக்களே" என்று என்னிடம் சொல்லிவிட்டு உடனே முகம் கழுவப் போவாள். அவள் என் கட்சி என்று நினைத்தேன்.

நான்காவது படத்தைக் காலையில் அடுக்களை ஜன்னலோரம் எடுத்தேன். எதிர்ப்பக்கம் அப்பாவின் வெள்ளை வேட்டியைத் தங்கை விரித்துப் பிடித்தாள். வேட்டியில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து இருட்டுக் காதில் விழுந்தது. இரண்டு காதும் கம்மலோடு தெளிவாக வந்தன. ஸ்டூடியோக்காரரே என்னை நிமிர்ந்து பார்த்தார். காமிரா எனக்குத்தான் என்று தங்கையிடம் சொல்லியும் விட்டேன்.

பதில் வந்தது. வெளிச்சம் சரியாம், ஆனால் எதற்குப் புதுச்சேலை, வீட்டில் உடுக்கிற பச்சைச் சேலை எங்கே? பச்சைச் சேலையில் எடுத்தேன். கை தெரியவில்லையாம். கைக்கும் வெளிச்சத்துக்கும் என்ன சம்பந்தம்? அன்று சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கையும் தெரிய ஆறாவதை எடுத்து அனுப்ப வைத்திருந்தபோது, அப்பாவோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் புதுக்கடை ஊர்க்காரர் ஒருவர் லீவில் வந்தார். அம்மையைக் கண்டதும் சிரித்தார்.

"மைனி, உங்கள எனக்கு நல்லாத் தெரியும். அண்ணனுக்க கட்டிலுக்கு மேல அஞ்சு படமும் வரிசையா ஒட்டியிருக்கு. படம் வந்தா எங்களுக்குத் தொந்தரவுதான். 'ஏலே, ஒரு குத்தமாவது சொல்லுங்கல'ன்னு கேப்பாரு. கை தெரியலன்னு சொன்னது நான்தான்."

"அவருக்கு எதுக்குக் குத்தம்?" என்று அம்மை கேட்டாள்.

"நல்லாருக்குன்னு எழுதினா காமிரா இவனுக்குல்லா. பின்ன இவன் கோழியையும் ஆட்டையும் எடுத்துட்டு நடப்பான். உங்க படம் எப்படி வரும்?"

அம்மை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். சீனி போட மறந்த சாயா ஒன்று வந்தது. அவர் அதையும் சிரித்துக்கொண்டே குடித்து முடித்தார்.

அப்பா என்னை ஏமாற்றுகிறார், அதற்குக் கூட்டாளிகளும் வைத்திருக்கிறார். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். ஏமாற்றினார் என்று கேட்டபிறகு அம்மைக்கு ஏன் அத்தனை சந்தோஷம், அதோடு ஏன் கண் கலங்கியது என்பது புரியவில்லை.

அவர் போனபிறகு ஆறாவது படத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலில் தனியாக உட்கார்ந்தேன். படத்தின் பின்னால் பென்சிலால் எழுதினேன்: "வலது தோளில் கொஞ்சம் நிழல். சுவரில் ஒரு பல்லி. குற்றம் எல்லாம் நானே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் தேட வேண்டாம்."

பிறகு படத்தை உறைக்குள் போட்டு, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன்.