அண்ணன் வீடு திரும்பிய உலகம்

பாலத்துக்காகக் கடலில் தூண்கள் இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. பினாங்குத் தீவிலிருந்து அக்கரைக்குப் போக ஃபெரியை விட்டால் வேறு வழி கிடையாது. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த என் அண்ணன் அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, ஜெலுத்தோங்கில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறிப் போய்வந்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாப்பிடாமல் கிளம்பியவனை அம்மா வாசலில் மறித்து, உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்துத் தோசை போட்டார். அதனால் வழக்கமான ஃபெரி தவறிப்போய், அடுத்ததில் போனான். செபராங் ஜெயா சந்திப்பில் ஒரு லோரி அவனை அடித்துவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் எஞ்சிய ஒரே பிள்ளை.

எல்லோரும் எதிர்பார்த்ததைப்போல் அம்மா அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "நான் கூப்பிடாம இருந்திருந்தா நேரத்துக்குப் போயிருப்பான்" என்று, பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். வந்தவர்கள் விதி என்றார்கள். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அடுத்து வந்தவரிடம் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார். துறைமுக அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்த அப்பா, அந்தப் பேச்சு ஆரம்பித்தாலே எழுந்து பின்பக்கம் போய்விடுவார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகாதவர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அவர் அங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார் என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. படித்தவர் என்ற மரியாதையில் பழுதான ரேடியோவை அவரிடம் கொடுப்போம். அது இன்னும் மோசமாகித் திரும்பி வரும்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு, அம்மா அந்தத் தோசைப் பேச்சை மாமாவிடமே எடுத்தார். மாமா தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு, தம் துறையில் சிலர் நம்புகிற ஒன்றைச் சொன்னார். ஒரு காரியம் இப்படியும் நடக்கலாம், அப்படியும் நடக்கலாம் என்றால், இரண்டுமே நடக்கிறதாம். இங்கே ஒன்று, வேறொரு பிரபஞ்சத்தில் மற்றது. அங்கேயும் பினாங்கு இருக்கும், இந்த வீடு இருக்கும், நாம் எல்லோரும் இருப்போம்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அப்போ, நான் அவனக் கூப்பிடாத எடம் ஒண்ணு இருக்கா தம்பி?"

"இருக்கலாம்க்கா."

"அங்க அவன் என்ன செஞ்சான்?"

மாமா யோசித்தார். "பசியோட வேலைக்குப் போனான். கேன்டீன்ல ஒரு தட்டு மீ வாங்கிச் சாப்பிட்டான். சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டான்."

அன்று அம்மா இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். அதுவரை அவர் சாப்பிட்டதெல்லாம் பேருக்குத்தான். மாமா அதைப் பார்த்தார். அவர் தொடர்ந்து பேசியதற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

அதன்பிறகு அம்மா ஞாயிற்றுக்கிழமைக்காகக் கேள்விகளைச் சேர்த்துவைக்க ஆரம்பித்தார். அங்கே அவனுக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டதா, மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டுகிறானா, மழைச்சட்டையை மறக்காமல் எடுத்துப் போகிறானா. மாமா தயங்கித் தயங்கிப் பதில் சொல்வார். என்னைப் பொறுத்தவரை எல்லாம் தெளிவாகிவிட்டது. அண்ணன் இதே வீட்டில்தான் இருக்கிறான், நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவனுடைய பிரம்பு நாற்காலியில் உட்காருவதை நிறுத்தினேன். தெரியாமல் அவன் மடியில் உட்கார்ந்துவிடக் கூடாதல்லவா. குளியலறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறந்தேன். அம்மா இதையெல்லாம் கவனித்தார். கண்டிக்கவில்லை.

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் மாமா கிளம்பும்போது அவரை வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். ஜன்னலருகே நின்ற எனக்குக் கேட்டது. "மச்சான், சாவு ஒரு தடவதான் வரணும். நீ வாராவாரம் கூட்டிட்டு வர்ற." அப்பா அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு, மாமா யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். அப்படிப் பல பிரபஞ்சங்கள் இருந்தாலும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இங்கிருந்து அங்கே வெளிச்சம் போகாது, சத்தம் போகாது. அதனால் பேசிப் பயனில்லை.

அம்மா விடவில்லை. "ஒண்ணுமே வராது போவாதுன்னா, அது இருக்குன்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

"அதுலதான்க்கா எங்க ஆளுங்களே சண்ட போட்டுக்கறாங்க. பாத்துட்டுச் சொல்றேன்லா."

சில வாரங்கள் அவர் வரவில்லை. மறுபடி வந்தபோது, அப்பா கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் பேசினார். நூலகத்தில் உட்கார்ந்து தேடிப் படித்திருக்கிறார். அவை அடியோடு தனித்தனி என்று அடித்துச் சொல்ல முடியாதாம். கண்ணுக்கே எட்டாத நுண்ணிய அளவில் ஒன்று மற்றொன்றைத் தொடுகிறது, சோதனைச்சாலையில் அதன் அடையாளம் தெரிகிறது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்களாம். மனிதர்களுக்கு அது பொருந்துமா என்று தமக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

நான் மாமா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். "அப்போ நாம பேசறது அண்ணனுக்குக் கேக்குமா மாமா?"

"அப்படியெல்லாம் சொல்ல முடியாது பிள்ளை. ஏதோ கொஞ்சம் கசியலாம்."

அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். அம்மாவின் முகத்தில் பயம் வந்தது.

"இங்கேருந்து அங்க போவுமா?"

"கசிஞ்சா ரெண்டு பக்கமும்தான்க்கா."

அம்மா வெகுநேரம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வேணாம் தம்பி. அடச்சபடியே இருக்கட்டும்."

"ஏங்க்கா?"

"அங்க ஒருத்தி இருக்கா. புள்ள சாப்புடாமப் போய்ட்டானேன்னு மட்டுந்தான் அவளுக்குக் கவல. அவளுக்கு இது தெரிய வேணாம்."

சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே தரையில் உட்கார்ந்து, அண்ணன் போனதிலிருந்து முதல் முறையாக, வாய்விட்டு அழுதார். மாமா கதவோரம் வரை போய், அதற்குமேல் துணியாமல் நின்றார். கடையிலிருந்து திரும்பிய அப்பா சத்தம் கேட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி, அம்மாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். வெயில் இறங்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

அதோடு அம்மாவின் கேள்விகள் நின்றன. மாமா வழக்கம்போல் வந்தார், சாப்பிட்டார், ஊர்க்கதை பேசினார். அம்மா அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரிடமும் பிறகு சொல்லவில்லை.

நான் மட்டும் பல நாள் அம்மாவோடு பேசவில்லை. அண்ணன் அவ்வளவு அருகில் இருக்கும்போது, ஏதோ கொஞ்சம் கசியலாம் என்று மாமாவே சொல்லும்போது, பெற்றவருக்கு வேண்டாம் என்று சொல்ல எப்படி மனம் வந்தது? அவனை மறந்துவிடத் தீர்மானித்துவிட்டார் என்றே நினைத்தேன். நான் அந்தப் பக்கத்தில் அண்ணனை மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்ன அந்த ஒருத்தி, அங்கே இருக்கிற அம்மாதான் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.