ஒண்டிக்கடையில் கேட்ட தறிச்சத்தம்

ஏற்காடு ஒண்டிக்கடை நிறுத்தத்தில் சேலம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். மனைவி இறந்த பிறகு, சேலத்தில் குகைப் பகுதியில் இருக்கும் எங்கள் தெருவின் தறிச்சத்தம் தாங்காமல், அமைதி வேண்டி ஐந்து நாள் தங்க வந்தவன் நான். மூன்றாம் நாளே கிளம்பிவிட்டேன். லாட்ஜ் அறையில் என் இருமலைத் தவிர வேறு சத்தமே இல்லை. இங்கே யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

பக்கத்தில் மாரமங்கலம் மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி ஆரஞ்சுக் கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள். பனியில் அவள் சேலைத் தலைப்பு நனைந்திருக்கிறது.

“ஏனுங்க, சேலத்துல எந்தப் பக்கமுங்க ஊடு?”

“குகைங்க.”

அவள் முகம் மலர்கிறது. “எங்கூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தப்ப நான் குகையிலதானுங்க ஒரு மாசம் இருந்தேன். முன்னப்பின்னத் தெரியாத ஒரு தறிக்காரரு ஊட்டுல எடம் குடுத்தாங்க. அவங்களே அஞ்சு பேரு, ஒரே ரூமு. கால நீட்ட எடமில்லீங்க. ஆனா தறிச்சத்தம் கேக்கக் கேக்க நொம்ப தைரியமா இருக்குமுங்க. பக்கத்துல மனுசங்க இருக்காங்கன்னு.”

அந்தச் சத்தத்தை நான் அறுபது வருஷமாகக் கேட்கிறேன். ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

பஸ் வருகிறது. கூடையை ஒரு கை பிடித்து ஏற்றிவிடுகிறேன். “பழம் வித்ததும் ஊட்டுக்கு வாங்க, டீ குடிச்சுட்டுப் போலாம்” என்கிறேன்.

“ஊட்டு அம்மாவுக்கு எதுக்குங்க சிரமம்?”

“அவ இப்ப இல்லீங்க. நானே போடறேன்.”

அவள் கூடையைக் காலருகே இழுத்துக்கொள்கிறாள். பிறகு, “எந்தத் தெருவுங்க?” என்று கேட்கிறாள்.