கடைசி அத்தியாயத்துக்குப் போட்ட தையல்

அறுபதுகளில் கோரமண்டல் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தேன். தஞ்சாவூரிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நூலகப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாவல் பார்த்துக் கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதிலும் இந்தச் செல்வி! எதைக் கொடுத்தாலும் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாள். எத்தனை திட்டினாலும் உறைக்காது.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல், புதையல் தேடிக் குகைக்குள் இறங்கும் ஒருவனின் கதையை எடுத்து, கடைசி அத்தியாயத்தை ஊசிநூலால் தைத்துக் கொடுத்தேன்.

“இப்போ படி, பார்க்கலாம்!”

மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தாள். தையல் பிரியவில்லை.

“ஏன், பிடிக்கலையா?”

“நல்லாத்தான் கீது டீச்சர். ஆனா அவன் உள்ள எறங்கிட்டான். மேல வந்தானா இல்லியான்னு தெரியாம எப்படிப் படிக்கிறது? எங்கப்பா சொரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்கினா, ஷிப்டு முடிஞ்சு மேல வர்ற வரிக்கும் எங்கம்மா ஒரு வாய் சோறு துன்னாது. வீட்லதான் தெனம் அப்படின்னா, புஸ்தகத்துலயுமா டீச்சர்?”

பிளேடால் தையலை அறுத்துக் கொடுத்தேன். நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தாள்.

“வந்துட்டான் டீச்சர்” என்றாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தாள்.

முடிவை முதலில் படிப்பவர்களைக் கண்டால் இன்றும் எனக்கு எரிச்சல்தான். ஆனால் திட்ட வாயைத் திறக்கும்போதெல்லாம், இவர்கள் வீட்டில் யார் கீழே இறங்கியிருக்கிறார்களோ என்று தோன்றிவிடுகிறது.