நாற்பது செகண்ட்

பிழைக்கமாட்டார்கள் என்று டாக்டர்கள் கைவிட்டவர்கள் வந்து சேரும் சின்ன இல்லம் அது. ஆறு கட்டில்கள், பகலில் ஒரே நர்ஸ். எல்லாருக்கும் அவள் அக்கா. பதினொரு வருடத்தில் ஒருவரைக்கூட அவள் தனியாகச் சாகவிட்டதில்லை. கடைசி மூச்சு வரை கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். அதற்காகச் சொந்தத் தங்கை கல்யாணத்துக்கே போகாதவள்.

அன்று தரம் பார்க்க அதிகாரி வந்திருந்தார். மார்க் குறைந்தால் இல்லத்தை இழுத்து மூடிவிடுவார்கள். முதல் கட்டிலில் இருந்த லாரி டிரைவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அக்காவின் கையை அவர் இறுகப் பற்றியிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தானா அதிகாரி பக்கத்து அறைக்குப் போக வேண்டும்? அங்கே தூங்கிக்கொண்டிருந்த இன்னொரு நோயாளியான டீச்சரம்மாவின் தலைமாட்டு மணியை அழுத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

மணி விடாமல் அடித்தது.

"இதோ வந்துடறேன் அண்ணே." டிரைவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு அக்கா ஓடினாள்.

"டீச்சரம்மாவுக்கு என்ன ஆச்சு சார்?"

"ஒண்ணும் ஆகலம்மா. எவ்வளவு சீக்கிரம் வர்றீங்கன்னு பார்த்தேன். நாற்பது செகண்ட்! முழு மார்க். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். திரும்பி வந்தபோது டிரைவரின் கை, அவள் பிரித்த விரல்கள் விரிந்தபடியே, கட்டிலுக்கு வெளியே அசைவில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது.