வடக்குச் சுவரோரம் ஊற்றிய தண்ணீர்

முதலில் புதுச் சப்பாத்துதான் காலைக் கடித்தது. கடைக்காரனைத் திட்டினேன். கணுக்கால் வீங்கியிருந்ததைக் கவனிக்க ஒரு மாதம் பிடித்தது. அதற்குள் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டிருந்தன.

எண்பத்தாறாம் ஆண்டு. நாங்கள் டென்மார்க்கில் சில்க்போர்க்குக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ் (இரத்தத்தை இயந்திரத்தின் வழியே செலுத்திச் சுத்திகரிப்பது). குடிக்க ஒரு நாளைக்கு அரை லீற்றர். தேநீர், சொதி எல்லாம் அதற்குள் அடக்கம். இதே நோயோடு இதை வாசிப்பவருக்குத் தாகத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

என்னைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக் கியர்ஸ்டன், வெயில் படாத எங்கள் வடக்குச் சுவரோரம் ஒரு செடி நட்டுத் தந்தாள். வளைந்த காம்பில் வரிசையாக இளஞ்சிவப்பு இதயங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வெள்ளைத் துளி. டேனிஷ்காரர் அதை லெப்டினன்ட்டின் இதயம் என்கிறார்கள். நிழலும் இளகிய மண்ணும் போதுமாம். அது பிழைத்தால் நானும் பிழைப்பேன் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பைத்தியக்காரத்தனம்தான்.

ஆடியில் இலைகள் மஞ்சளாகிச் சரிந்தன. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவளுக்கு வாடிய செடிக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். காலையும் மாலையும் வாளி வாளியாக ஊற்றினேன். என் தொண்டைக்குக் கிடைக்காத தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அது சுகமாகவும் இருந்தது.

விடுமுறை முடிந்து வந்த கியர்ஸ்டன் மண்ணைக் கிளறினாள். வேர் கூழாகி நாறியது.

"பூத்து முடிந்தால் அது வாடி, மண்ணுக்குள் தூங்கும். அப்போது இவ்வளவு தண்ணீர் ஆகாது. நான்தான் சொல்ல மறந்துவிட்டேன்," என்றாள்.

உயிரோடு இருந்ததை நானே கொன்றிருந்தேன். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் கேட்டேன், என் சிறுநீரகங்களும் தூங்குகின்றனவோ என்று.

"இல்லை," என்றார். "அவை இனி எழும்பாது. மாற்றுச் சிறுநீரகம் எப்போது கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது."

புரட்டாதியில் கியர்ஸ்டன் அதே செடியின் வேறொரு கிழங்கு கொடுத்தனுப்பினாள். அன்று புதன்கிழமை. இயந்திரத்திலிருந்து எழுந்து வந்த எனக்கு என் கையே யாரோ ஒருவருடையது போலிருந்தது. கணவர் மண்வெட்டியோடு நின்றார்.

"இதை எங்க நடுறது? வைகாசியில பூக்குமாம்."

"வேண்டாமப்பா. எனக்கு வைகாசியெல்லாம் தெரியேல்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் தெரியுது."