சுழல்மேடையில் அண்ணி

சோதனைக்கூடத்தில் எல்லோரும் அவளை, சிக்னலை அளக்கும் அலகின் பெயரால் ‘டெசிபல்’ என்றுதான் கூப்பிட்டார்கள். வைஃபை பெட்டி ஒவ்வொன்றும் எவ்வளவு சக்தியோடு சிக்னல் விடலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. அந்த வரம்பைப் பெட்டி தாண்டுகிறதா என்று அளந்து சொல்வது அவள் வேலை. தாண்டினால் கடைக்குப் போகாது. அதில் தயவு தாட்சண்யம் பார்க்கமாட்டாள். இந்த முறை வம்பு என்னவென்றால், பெட்டிக்கு மென்பொருள் எழுதியவன் அவளுடைய கொழுந்தன்.

ஒரே வீடு, ஒரே கம்பெனி, ஒரே குளியலறை. காலையில் “அண்ணி, சீக்கிரம் வெளிய வாங்க” என்று கதவைத் தட்டுகிறவன், ஆபீசில் அவள் போட்ட ‘ஃபெயில்’ முத்திரையைப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

சிக்னல் போகிற பாதைக்குச் சேனல் என்று பெயர். பாதை அகலமானால் வேகம் கூடும். இந்தப் பெட்டி குறுகிய சேனலில் தங்கமான பிள்ளை. அகலத்தைக் கூட்டியதும், அனுமதித்த எல்லையின் ஓரத்துச் சேனலில் மட்டும் வேலி தாண்டிய மாடாகப் பக்கத்து நிலத்தில் வாய் வைக்கும். அங்கே சக்தியைக் குறைத்தாக வேண்டும்.

“அகலத்துக்கு ஏத்த வரம்பெல்லாம் எழுதியாச்சு அண்ணி. என் மேஜையில பாஸாகுது.”

“என் அறையில ஆகலையே.”

ரோஷத்தில் அவன் எல்லாச் சேனலிலும் சக்தியை வெட்டினான். சோதனையில் தேறிவிட்டது. ஆனால் அடுத்த அறைக்குச் சிக்னல் எட்டவில்லை. பெட்டிகளை மொத்தமாக வாங்கவிருந்த கம்பெனியின் தலைவி, “கதவைத் தாண்டாத வைஃபை எதுக்குங்க? அதுக்கு ஒரு வயரே போதுமே” என்று திருப்பி அனுப்பிவிட்டார். வெட்டியதை எடுத்துவிட்டு, பழைய இடத்துக்கே திரும்பினான்.

சண்டை வீட்டுக்கும் வந்தது. அவள் கணவன் பல் மருத்துவமனையில் வரவேற்பாளன். வலியோடு வருகிறவர்களைச் சமாளித்துப் பழகியவன். அவனுக்கே இது மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி கதையாகிவிட்டது.

அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டிவி உறைந்து நின்றது. கொழுந்தன் எழுந்துபோய் சுவிட்சை அணைத்துப் போட்டான். படம் ஓடியது. அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“டேய், அகலத்தை மாத்தும்போது பெட்டியையும் இப்படித்தான் அணைச்சுப் போடுவியா?”

“ஆமா. எதுவா இருந்தாலும் அணைச்சுப் போட்டாத்தான் எனக்குத் திருப்தி.”

“நான் போடமாட்டேனே! ஓடும்போதே மாத்துவேன். வாங்கினவங்க வீட்டுல பெட்டி தானா அகலம் மாறும்போதும் அப்படித்தானே?”

அவன் தலையில் அடித்துக்கொண்டான். பெட்டி உயிர் பெறும்போது ஒரே ஒரு தடவைதான் வரம்பைப் படித்தது. பிறகு சேனல் எவ்வளவு அகலமானாலும் குறுகிய சேனலுக்குரிய பழைய சக்தியிலேயே கத்தியது. “அண்ணி, நீங்க சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி!” என்று அவன் குதிக்க, “அப்போ நான் நிம்மதியா சாப்பிடலாமா?” என்றான் அண்ணன்.

அகலம் மாறும்போதெல்லாம் வரம்பைப் புதிதாகப் படிக்கும்படி அன்றிரவே திருத்தி எழுதினான். மறுநாள் சோதனை. தலைவி நேரிலேயே வந்து, முதலாளியோடு பக்கத்து அறையில் உட்கார்ந்து கேமரா வழியே பார்த்துக்கொண்டிருந்தார். சோதனை அறையின் சுவரெல்லாம் நீலப் பஞ்சுக் கூம்புகள். நடுவில் பெட்டியைச் சுற்றிக் காட்டும் சுழல்மேடை. கடைசி ஓட்டம் முடிந்ததும், பெட்டியை எடுக்க அவள் மேடையில் ஏறினாள். முடிவு வெளியே கொழுந்தன் முன்னிருந்த கணினியில் உருவாகிக்கொண்டிருந்தது.

ஒலிபெருக்கி அலறியது. “அண்ணி, பாஸ்! எல்லா அகலத்துலயும் பாஸ்! ஓரத்துலயும் பாஸ்!”

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெட்டியை இடுப்புக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு துள்ளினாள். குறும்புக்காரன் மேடையின் பட்டனை வேறு தட்டிவிட்டான். மேடை மெல்லச் சுழன்றது. நிறுத்தச் சொல்வாள் என்று பார்த்தால், “இன்னும் வேகமாடா!” என்றாள். நீலக் கூம்புகள் சுற்றின, விளக்குகள் சுற்றின, வயிறு வலிக்கச் சிரித்தாள். கேமரா ஒன்று இருப்பது மூன்றாவது சுற்றில்தான் ஞாபகம் வந்தது. சிரிப்பு இன்னும் கூடியது.

கதவு திறந்தது. முகம் வெளிறிப்போய் முதலாளி நின்றார், பக்கத்தில் தலைவி.

“மேடம், இவங்க எப்பவும் இப்படி இல்ல…” என்று முதலாளி இழுத்தார்.

தலைவி செருப்பைக் கழற்றினார். “இது எவ்வளவு எடை தாங்கும்?”

“அதுக்கும் ஒரு வரம்பு இருக்கு மேடம்” என்றாள் டெசிபல், மூச்சு வாங்கியபடி.

“என்னை மட்டும் அளந்துடாதீங்க!” என்று தலைவி ஏறிக்கொண்டார். அவர் இரண்டு சுற்று வந்தார். பெட்டிகளை வாங்கிக்கொள்வதாக இரண்டாவது சுற்றிலேயே அறிவித்தார். முதலாளியை ஏற்ற மட்டும் யாராலும் முடியவில்லை.

மாலை பேருந்தில் அண்ணியும் கொழுந்தனும் ஒரே சமயத்தில் கதை சொன்னார்கள். வழியில் ஏறிக்கொண்ட கணவனுக்குப் பாதிதான் புரிந்தது; சிரிப்பு முழுசாகத் தொற்றிக்கொண்டது. இறங்கவேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டது. அடுத்ததில் இறங்கி, மூவரும் நடுத்தெருவில் நின்று நின்று சிரித்தபடி வீட்டுக்கு நடந்தார்கள்.